ஒத்திகைக்கு முன் ஒரு சண்டை

சென்னிமலைப் பக்கத்தில் பிள்ளைகளை ஹால்மருக்கு வேலைக்கு அனுப்புவதென்றால், அதற்கு முன்னால் மனம் நோகும்படி ஒரு முறை நன்றாகத் திட்டிவிட வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. யார் ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அது கிடக்கட்டும். கவிநயாவின் முறை வந்தபோது, ஜாதகம் பார்ப்பது, மண்டபம் பிடிப்பது மாதிரி அதுவும் வீட்டுக் காரியங்களில் ஒன்றாகிவிட்டிருந்தது. திட்டு வாங்கப் போகிறவருக்கு மட்டும் முன்கூட்டியே தெரியக் கூடாது. விதி என்று இருந்தது அது ஒன்றுதான்.

கவிநயா வேதிப் பொறியியல் படித்தவள். பெருந்துறையில் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆலையில் வேலை. பட்டறைகளிலிருந்து சிவப்பும் நீலமுமாக வரும் தண்ணீர் சவ்வுகளைக் கடந்து நிறமில்லாமல் வெளியே போகும். அந்தச் சவ்வுகள் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அடைத்தால் தானே தன்னைக் கழுவிக்கொள்ளும் ஒரு சவ்வை அவள் யோசித்து வைத்திருந்தாள். மேலாளரிடம் காட்டினாள். அவர் முழுதாகப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நமக்கு எதற்கு இந்த வம்பு, சோதனைக்கு வருகிறவர்களிடம் பாஸானால் போதாதா என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் போதும், அவளுக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

ஹால்மர் வடகோடியில் கடலை ஒட்டி இருக்கும் ஒரு சின்ன நாடு. அங்கே கிழவர்கள் அதிகம், வேலைக்கு ஆள் இல்லை. எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தாலும் சரி, வேலை தெரிந்தால் வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஒரு நிறுவனம் கவிநயாவின் சவ்வைப் பற்றிப் படித்துவிட்டு, உனக்கு ஓர் ஆய்வுக்கூடமே தருகிறோம் என்றது. ஒரே ஒரு தடைதான் பாக்கி. ஒத்திகை.

அதற்குப் பயிற்சி தர ஈரோட்டில் ஒரு மையம் இருந்தது. நமக்கு எதற்குத்தான் பயிற்சி மையம் இல்லை? அங்கே அருள்தாஸ் என்பவர்தான் வாத்தியார். முதல் வகுப்பிலேயே அவர் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“உங்க மூளையப் படிச்சு அப்படியே ஒரு பிரதி எடுப்பாங்க. அந்தப் பிரதிக்குத் தான் பிரதின்னு தெரியாது. நாம ஹால்மர் வந்து சேர்ந்துட்டோம்னுதான் நினைக்கும். கம்ப்யூட்டருக்குள்ளயே வேலைக்குப் போகும், குளிர்ல நடுங்கும், சமைச்சுச் சாப்பிடும். அதுக்கு இருபது வருஷம் ஓடும். வெளிய நமக்கு ஒரு மாசம்.”

எதைப் பார்க்கிறார்கள் என்று கவிநயா கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ணுதான். அங்கேயே இருப்பீங்களா, திரும்பிருவீங்களா. ஆளைக் கூட்டிட்டுப் போய், மொழி சொல்லிக் குடுத்து, வேலை பழக்கி, அப்புறம் ஊருக்குப் போறேன்னு கிளம்பிட்டா அவங்களுக்கு நஷ்டம். அதனால நடுவுல ஒரு நாள் வீட்டுலேருந்து போன் வர மாதிரி வைப்பாங்க. அம்மாவுக்கு முடியல, அப்பா படுத்த படுக்கையாயிட்டார், கூட ஆள் இல்ல. அந்த போன் எல்லாருக்கும் வரும். வந்து பாத்துட்டு மறுபடி ஹால்மருக்கே போயிட்டா தப்பில்ல. இங்கயே நின்னுட்டா, இல்லைன்னு பதில் வந்துரும்.”

பதில் ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். உள்ளே என்ன நடந்தது என்று சொல்ல மாட்டார்கள். ஒருவருக்கு ஆயுளில் ஒரே ஒரு ஒத்திகை. யாரோ ஒரு துடுக்குக்காரன், உங்களுக்கு என்ன பதில் வந்தது சார் என்று கேட்டான். இல்லை என்றுதான் வந்தது என்றார் அருள்தாஸ். அவருடைய அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா தங்கை வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். “நான் எதுக்குத் திரும்பினேன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிச்சிட்டுதான் இருக்கேன்,” என்று சொல்லிவிட்டுப் பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.

பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு. பெற்றோருக்குத் தனியாக ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம். அங்கேதான் அந்த ரகசியம் சொல்லித் தரப்படும். மனதில் ஆறாத புண்ணோடு போனால் பிரதிக்கும் அந்தப் புண் இருக்கும். போன் வரும்போது, அன்றைக்கு அப்படிச் சொன்னவர்கள்தானே என்று ஒரு வீம்பு வரும், திரும்பாது. ஆகவே பிள்ளைக்கு எது அதிகம் வலிக்கும் என்று பெற்றவர்களே தேடிப் பிடித்து, ஒத்திகைக்குச் சில வாரம் முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும். முடிவு வரும் வரை வாயைத் திறக்கக் கூடாது, பிரதி சரியாக விழவில்லை என்று மறுபடி கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். முடிவு வந்ததும் உட்காரவைத்து உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம்.

ரகசியம் என்றால் ஊருக்கே தெரிந்த ரகசியம். பிள்ளைகள் எல்லோரும் திட்டுக்குக் காத்திருந்தார்கள். எப்போது வரும், எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாமல் சாப்பிடுவதும் தூங்குவதும் லேசுப்பட்ட காரியமா? மோட்டாரை அணைக்காமல் விட்டதற்கு அம்மா மகேஸ்வரி சத்தம் போட்டால்கூட, இதுதானா, இல்லை இது வெறும் மோட்டாரா என்று கவிநயா அம்மாவின் முகத்தைத் துழாவுவாள். மையத்தில் கூடப் படித்த ஒரு பெண்ணிடம் அவள் அம்மா, நீ எனக்கு வேண்டாமலே பிறந்தவள் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு விசா கிடைத்தது. அம்மா காலைப் பிடித்து அழுது விளக்கியும் அவள் இன்று வரை வீட்டோடு பேசுவதில்லை. அப்படி நமக்கும் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கவிநயா பயந்தாள். ஆகாவிட்டால் விசா போய்விடுமே என்றும் பயந்தாள். இரண்டு பயமும் ஒரே வயிற்றில்தான் இருந்தன.

அப்பா சென்னியப்பன் பஸ் நிறுத்தத்தில் பேக்கரி வைத்திருந்தார். டீ, தேங்காய் பன், முட்டை பப்ஸ். வாடிக்கையாளர் பாக்கி வைத்தால்கூட முகத்துக்கு நேராகக் கேட்கத் தெரியாத மனிதர். அவர் திட்டப் போகிறார் என்பதே கவிநயாவுக்கு ஒரு பக்கம் சிரிப்பாக இருந்தது.

அது ஒரு நாள் காலைப் பலகாரத்தின்போது வந்தது. அப்பா கடைக்குப் போகாமல் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றது.

“நீ பட்டம் வாங்கியதே என் தயவால்தான்,” என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு. “அந்தப் பேராசிரியர் காலில் நான் விழுந்திருக்காவிட்டால் நீ தேறியே இருக்க மாட்டாய். உனக்கெல்லாம் வெளிநாட்டு வேலை ஒரு கேடா?”

எது வலிக்கும் என்று சரியாகத்தான் தேடிப் பிடித்திருந்தார். இரண்டாம் வருடத்தில் கவிநயா ஒரு பாடத்தில் தோற்றுப்போய், மறுமதிப்பீட்டில் தேறியவள். அந்த நாட்களில் அவள் அழுத அழுகை வீட்டுக்கே தெரியும். ஆனால் மனிதர் பிறந்ததிலிருந்து பேராசிரியர் என்ற சொல்லை வாயில் வைத்ததில்லை. அவருக்கு எல்லோரும் வாத்தியார்தான். யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்திருக்கிறார். அம்மா வேறு, அவர் பேசி முடிப்பதற்கு முன்பே கண்ணீரோடு வந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள். போதாக்குறைக்கு, கேடா என்று கேட்கும்போதே அப்பாவின் கை தன் பாட்டுக்குச் சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளியது. தட்டில் சட்னி தீர்ந்துபோயிருந்ததை அது பார்த்துவிட்டது.

கவிநயாவுக்கு அடுத்த நொடியே புரிந்துவிட்டது. வலித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து, ஒரு பையில் துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு பெருந்துறையில் சிநேகிதியின் அறைக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். இந்த மனிதர் இதை எத்தனை முறை கடைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருப்பார் என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை. அவர் மேல் அவ்வளவு பிரியம் அவளுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

பெருந்துறை வருவதற்குள் அழுகை நின்று பயம் பிடித்துக்கொண்டது. புண்ணோடு போக வேண்டியவள் பிரியத்தோடு போகப் போகிறாள். மூளையைப் படிக்கிற இயந்திரம் இதைப் படிக்காதா? அப்பா சொன்னது நிஜம் என்று நம்பிப் பார்த்தாள். அவர் அந்த வாத்தியார் வீட்டு வாசலில் நின்றிருப்பார் என்று கற்பனை செய்து, தனக்குத் தானே கோபம் வரவழைக்கப் பார்த்தாள். பாதிக் கற்பனையிலேயே அப்பா அந்த வாத்தியாருக்கு ஒரு பை நிறைய பப்ஸ் கொண்டுபோய்க் கொடுப்பது போலத்தான் வந்தது. தூக்கம் கெட்டது, கண்ணுக்குக் கீழே கறுத்தது. கடைசியில் அருள்தாஸிடமே போய்ச் சொன்னாள்.

அவர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“உங்களுக்குத் தெரிஞ்சா மிஷினுக்கும் தெரியும்,” என்றார். “அதுகிட்ட எதையும் மறைக்க முடியாது. போறது போய்ட்டு வாங்க. ஆனா கிடைக்காதுன்னே மனசத் தேத்திக்கங்க.”

கோயம்புத்தூரில் ஒத்திகை நடந்தது. வெள்ளை அறையில், ஒரு சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, தலையைச் சுற்றி வளையம் ஒன்றை மாட்டினார்கள். அங்கிருந்த பெண் கனிவான குரலில், உங்கள் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வேண்டாம் வேண்டாம் என்று கவிநயா ஆலையின் குழாய்களை நினைத்தாள். சவ்வின் துளைகளை நினைத்தாள். யார் பேச்சைக் கேட்கிறது மனசு? அம்மா வந்தாள், மிக்ஸி வந்தது, அப்பாவின் கை வந்தது. எல்லாவற்றையும் அந்த வளையம் எடுத்துக்கொண்டது. வெளியே வந்தபோது எல்லாம் முடிந்துபோயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

முடிவு வரும் வரை அவள் வீட்டுக்குப் போகவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை, அதுதானே விதி. அம்மா மட்டும் ஒரு நாள் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுச் சட்டென்று வைத்துவிட்டாள். ஆலையில் வேலை ஓடவில்லை. போன் சிணுங்கும் போதெல்லாம் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். இல்லை என்று வந்தால் இந்த ஆலையிலேயே இந்தச் சாயத்தைப் பார்த்துக்கொண்டே வயதாகிவிடும். அதைவிட, தன் நடிப்பு சரியில்லாததால்தான் பெண்ணின் வாழ்க்கை போயிற்று என்று அப்பா நினைத்துவிடுவாரே, அந்த மனிதர் அதோடு ஒடிந்துபோவாரே என்று நினைத்தால் அவளுக்குத் தாங்கவில்லை.

மதிய ஷிப்டில், தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது வந்தது. ஒரே சொல். ஆம்.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அங்கேயே கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். மேலாளர் ஓடிவந்து என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொடுத்தார். அருள்தாஸுக்குப் போன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, நல்லதும்மா, சந்தோஷமாப் போய்ட்டு வாங்க என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் ஏதோ குறைந்திருந்தது. பொறாமையாக இருக்கும், பாவம், என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்கும் சேதி சொல்லிவிட்டுச் சென்னிமலை பஸ் ஏறினாள்.

வீட்டில் அப்பா கடையைப் பாதியிலேயே பூட்டிவிட்டு வந்து காத்திருந்தார். ஆள் இளைத்துப்போயிருந்தார், சட்டை தோளில் தொங்கியது. அம்மா கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா கிட்டே வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நின்றவர், திடீரென்று பெற்ற பெண்ணைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

“நான் அன்னைக்குச் சொன்னது பூராவும் பொய்யி கண்ணு. எந்த வாத்தியாரையும் நான் பாத்ததே இல்ல. உன்ற படிப்பு உன்ற படிப்புதான். அப்புடி ஒரு வார்த்த சொல்லிப்போட்டுச் சோறே எறங்கலெ. அப்பன மன்னிச்சுக்க சாமி.”

கும்பிட்ட கையைப் பார்க்க அவளால் முடியவில்லை. ஓடிப் போய் இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“எனக்கு அப்பவே தெரியுமுங்ப்பா. நீங்க வாயத் தொறந்த ஒடனேயே தெரிஞ்சுபோச்சு. ஒங்களுக்கெல்லாம் நடிக்க வருமாங்ப்பா?”

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குள் ஏதோ ஒன்று நின்றது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் அப்போதே வாங்கியிருப்பாள்.

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பெரிய பாரத்தை இறக்கி வைத்த ஆசுவாசத்தோடு நாற்காலியில் விழுந்து சிரித்தார். கேட்டாயா மகேசு, இவளுக்கு அன்றைக்கே தெரியுமாம், நாம் இத்தனை நாள் பட்டினி கிடந்தது வீணாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மனம் நோகாமலே போய் நின்றாளா என்று அப்பா கேட்டார். நோகவே இல்லையா, துளிகூட இல்லையா என்று ஆசையாகத் திருப்பிக் கேட்டார். இல்லைங்ப்பா என்று சொல்லத்தான் முடிந்தது. அதற்கு மேல் பொய் சொல்ல அவளுக்கு அந்த நேரத்தில் தெம்பில்லை.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அப்பா முகவாயைத் தடவிக்கொண்டார்.

“அப்பிடின்னா அந்த மிசினுக்கும் தெரிஞ்சிருக்குமே கண்ணு.”

“தெரிஞ்சிருக்குமுங்ப்பா.”

“எங்க மேல கோவமே இல்லாமத்தான் மிசினுக்குள்ள இருந்த அந்தப் புள்ளயும் போயிருக்குது.”

அருள்தாஸின் குரலில் குறைந்திருந்தது என்ன என்று கவிநயாவுக்கு இப்போது தெரிந்தது. சண்டையில்லை, வீம்பில்லை, புண்ணில்லை. பிரியத்தை முழுசாக வைத்துக்கொண்டுதான் அவள் அங்கே இருந்திருக்கிறாள். ஒரு நாள் போன் வந்திருக்கிறது. எல்லோருக்கும் வரும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முடியவில்லை, கூட ஆள் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். அவள் அதைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டாள்.

“அது நானில்லீங்ப்பா,” என்றாள் கவிநயா. “அது வேறங்ப்பா. கம்ப்யூட்டரு.” சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஆய்வுக்கூடம் வேண்டும் என்று இந்த நிமிடம்கூட அவளுக்கு இருந்தது. இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. அது வராது என்பதைத்தான் ஹால்மர்காரர்கள் ஒரு மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்.

“ஆமா, வேறதான்,” என்றார் அப்பா உடனே.

அம்மா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. பெண்ணின் தலையை ஒதுக்கிவிட்டபடி, ரொம்ப சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

“வந்து ஒரு எட்டுப் பாத்துப்போட்டாவது போயிருப்பேல்ல அம்மணி?”

“வந்திருப்பேனுங்ம்மா.”

அது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

மூவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு வளர்மதி. அவள் மகனுக்கு அடுத்த மாதம் ஒத்திகை, அதனால் ஒரு மாதிரியாகப் பித்துப் பிடித்து அலைந்துகொண்டிருந்தாள். விசா கிடைத்துவிட்டது என்று யாரோ சொல்லி ஓடி வருகிறாள் என்பது தெரிந்தது. அப்பா அவசரமாகப் பெண்ணின் பக்கம் குனிந்தார்.

“நீ நெசம்னு நம்பித்தான் போனே. அப்பிடியே இருக்கட்டும். என்ன கண்ணு? அப்பன் பேசுன பேச்சுலதான் உன்ற மனசு கல்லாப் போச்சு. யாரு கேட்டாலும் அதான்.”

வேண்டாங்ப்பா என்று அவள் சொல்வதற்குள் வளர்மதி உள்ளே வந்துவிட்டாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை. ராசியான வீடு என்றாள், கவிநயாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, தன் வீட்டுக்காரருக்குத் திட்டவே வரவில்லை, வாயைத் திறந்தால் சிரித்துத் தொலைக்கிறார், நீங்கள் எப்படித்தான் திட்டினீர்கள், கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டாள்.

சென்னியப்பன் எழுந்து நின்றார். கடையில் பாக்கி கேட்கத் தெரியாத மனிதர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தான் அன்றைக்கு எப்படி இரக்கமில்லாமல் பேசினார், பெண் எப்படித் துடித்துப்போய்த் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள் என்று ஒன்றுக்கு மூன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவு நன்றாக அவர் நடித்து கவிநயா பார்த்ததில்லை. நடுநடுவே அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து, காயம்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

“பாவம், புள்ளைக்கு இன்னமும் ஆறலயாட்ட இருக்குதுங்க்கா,” என்று வளர்மதி அம்மாவிடம் மெல்லச் சொன்னாள்.